துண்டு யார் கையில்?

சென்ற வாசிப்பு வட்டத்தில் சட்டக் கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டார்: “தோழர், வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்றிய அரசு புதுச் சட்டம் கொண்டுவருகிறது என்கிறார்கள். அது பாஸ்போர்ட், விசா, ஏஜெண்ட் சமாச்சாரம். வன்கொடுமை வழக்குகள் இத்தனை தேங்கிக் கிடக்கும்போது நாம் எதற்கு அதைப் படிக்க வேண்டும்?”

நியாயமான கேள்விதான். அன்று நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. பாதி நேரம் புள்ளிவிவரம் பேசினேன், மீதி நேரம் கோபப்பட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது, சட்டத்தின் பிரிவுகளிலிருந்து தொடங்கியதுதான் தவறு என்று பட்டது. ஒரு துண்டுக் காகிதத்திலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். இப்போது அப்படியே தொடங்குகிறேன்.

நம் முன்னோர் ஊரைவிட்டுப் போவதற்கு முன்பே அவர்கள் மீது ஒரு காகிதம் இருந்தது. தஞ்சாவூரிலும் செங்கல்பட்டிலும் மிராசுதாரர்களிடம் அடிமைகளாக இருந்த பறையர், பள்ளர் குடும்பங்கள் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டன, அடமானம் வைக்கப்பட்டன. 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் அடிமைமுறையை ஒழித்தது என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். அந்தச் சட்டம் யாரையும் விடுவிக்கவில்லை. அடிமை மேல் ஆண்டைக்கு உள்ள உரிமையை நீதிமன்றம் இனி அங்கீகரிக்காது என்பதுதான் அது சொன்னதன் சாரம். ஆண்டைகள் அதைப் புரிந்துகொண்ட விதம் எளிது. அடிமைப் பத்திரத்தின் இடத்தில் கடன் பத்திரம் வந்தது. கல்யாணத்துக்கு வாங்கிய கடன், சாவுக்கு வாங்கிய கடன் என்று எழுதிக் கைநாட்டு வாங்கிவிட்டால் ஆள் பண்ணையாள் ஆகிவிடுவார். கடன் தீரும்வரை வேறு வாசலில் வேலை செய்ய முடியாது. கடன் தீராது.

இதற்கு அரசின் கையும் துணை வந்தது. 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம், முன்பணம் வாங்கிவிட்டு வேலைக்கு வராத தொழிலாளியை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம் என்றது. வேலையைச் செய் அல்லது பணத்தைத் திருப்பிக் கொடு, இல்லையென்றால் மூன்று மாதம் வரை சிறை. கூலி கொடுக்காத முதலாளிக்குச் சிறை இல்லை. இந்தச் சட்டம் 1920களின் நடுப்பகுதி வரை உயிரோடு இருந்தது. தோட்ட முதலாளிகளுக்கு மிகவும் பிடித்த சட்டம் இதுதான்.

இந்தச் சூழலில்தான் கடல் கடந்த தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. பிரிட்டிஷ் காலனிகளில் கறுப்பின அடிமைமுறை 1834இல் சட்டப்படி முடிவுக்கு வந்தது. விடுதலையானவர்கள் பழைய கரும்புத் தோட்டத்தில் பழைய கூலிக்கு நிற்க மறுத்தார்கள், கூடுதல் கூலி கேட்டார்கள். அவர்களுடைய பேரத்தை உடைக்கத்தான் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலேற்றப்பட்டார்கள். மொரீசியஸ் முதலில், பிறகு கரீபியன் தீவுகள், நேட்டால், ஃபிஜி. ஒருவர் விடுதலை பெற்றதும், அந்த விடுதலையின் விலையைக் குறைக்க இன்னொருவரைக் கொண்டுவருவது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்பி வருவோம்.

இலங்கைக்குப் போனவர்களின் கதை வேறு மாதிரி. ஐந்தாண்டு ஒப்பந்தம் அங்கே இல்லை. இலங்கை பக்கத்தில்தானே இருக்கிறது என்று 1847இல் இந்திய அரசு அதைக் குடியேற்றக் கட்டுப்பாடுகளிலிருந்து விலக்கிவிட்டது. காப்பித் தோட்டத்துக்கும், பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் போன தொழிலாளி சட்டப்படி சுதந்திரமானவர். ஒரு மாத முன்னறிவிப்பு கொடுத்தால் வேலையைவிட்டு விலகலாம் என்பது சட்டம். ஃபிஜியோடு ஒப்பிட்டு, இலங்கையில் இருந்தது ‘சுதந்திரமான’ உழைப்பு என்று தோட்டத்துரைகள் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

நடைமுறையில் என்ன நடந்தது? துரை கங்காணியிடம் முன்பணம் கொடுத்து ஊருக்கு அனுப்புவார். கங்காணி சேரிக்கு வருவார். பெரிய கங்காணிகள் பெரும்பாலும் சாதி இந்துக்கள், ஆள்கட்டப்பட்டவர்களில் பெரும்பகுதி பறையர், பள்ளர், சக்கிலியர். பண்ணைக்கடனைக் கங்காணி தீர்ப்பார், வேட்டி சேலை வாங்கித் தருவார், வழிச்செலவு பார்ப்பார். ஒவ்வொரு காசும் கணக்கில் ஏறும். ஆண்டையிடம் இருந்த கடன் கங்காணியிடம் கைமாறியது. கடல் தாண்டியது தொழிலாளி மட்டுமல்ல, கடனும்தான்.

தோட்டத்தில் எத்தனை ஆள் பிரட்டுக்கு வருகிறார்களோ அத்தனைக்குக் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஆள் சுகமில்லாமல் லயத்தில் படுத்திருந்தால் கங்காணிக்கு நட்டம். அவர் ஏன் கம்போடு லயத்துக்குள் நுழைந்தார் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

இப்போது துண்டு. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கங்காணி மாற விரும்பினால் துரையிடம் ஒரு சீட்டு வாங்குவார். “இந்தக் கங்காணியும் அவருடைய ஆட்கள் இத்தனை பேரும் இவ்வளவு ரூபாய் கடன்பட்டிருக்கிறார்கள், தொகையைக் கட்டினால் விடுவிக்கத் தயார்” என்பது அதன் பொருள். இந்தச் சீட்டுக்குத்தான் துண்டு என்று பெயர். ஆங்கிலேயர்களும் தங்கள் அறிக்கைகளில் அதை மொழிபெயர்க்காமல் ‘துண்டு’ என்றே எழுதினார்கள். கங்காணி துண்டை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவார். யார் அதிகம் தருகிறார்களோ அங்கே கூட்டத்தோடு மாறுவார். புதுத் துரை பழைய கடனைக் கட்டுவார், மேலே கொஞ்சம் புதுக்கடனும் தருவார். அடுத்த துண்டில் தொகை இன்னும் பெரிதாக இருக்கும். ஆட்களைக் கேட்டு எதுவும் நடக்காது. காலையில் பிரட்டில் வைத்து, நாளைக்கு வேறு மலைக்குப் போகிறோம் என்று சொல்வார்கள்.

துண்டு இல்லாமல் தனியாக ஒரு ஆள் அடுத்த தோட்டத்துக்குப் போய் வேலை கேட்டால் கிடைக்காது. இன்னொருவருடைய கூலியை இழுத்துச் சேர்ப்பது குற்றம். ஆகவே ஒரு மாத முன்னறிவிப்பு என்று சட்டம் கொடுத்த சுதந்திரம் சட்டப் புத்தகத்திலேயே இருந்தது. தொழிலாளி வேலையை விடலாம், வேறு வேலைக்குச் சேர முடியாது. விடுவிப்புச் சீட்டில் அவர் பெயர் இருந்தது. சீட்டு கங்காணியின் மடியில் இருந்தது.

சட்ட மாணவர்களே, உங்களுக்காகவே இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். ஒரு சட்டம் தொழிலாளிக்கு என்ன உரிமை கொடுக்கிறது என்று மட்டும் படித்தால் இலங்கைச் சட்டம் நல்ல சட்டமாகத் தெரியும். காகிதம் யார் பெயரில் வழங்கப்படுகிறது, யாரிடம் இருக்கிறது, யார் அதைக் கிழிக்கலாம் என்று பார்த்தால்தான் உள்ளே இருப்பது தெரியும்.

1900களின் தொடக்கத்தில் காகிதம் போதாது என்று தகரம் வந்தது. வட்டமான சிறு தகரத் துண்டு, அதில் தோட்டத்தின் அடையாள எண், கயிறு கோக்க ஒரு துளை. கழுத்தில் மாட்டிக்கொண்டு போகவேண்டும். அதைக் காட்டினால் ரயிலில் ஏற்றுவார்கள், முகாமில் சோறு போடுவார்கள், கப்பலில் ஏற்றுவார்கள். வழியில் ஆள் மாறிப் போய்விடாமல், எந்த எண்ணோ அந்தத் தோட்டத்தில் போய்ச் சேர்வார். செலவு தோட்டத்துக் கணக்கில் எழுதப்பட்டு, அங்கிருந்து இறங்கித் தொழிலாளியின் கடனாகும். சரக்கு மூட்டையில் முகவரி கட்டுவதுபோல என்று எழுதலாமா என்று யோசித்தேன். உவமை தேவையில்லை, அதே வேலைதான்.

இதைப் படித்துவிட்டு, “ஐயோ, நம் மக்களை ஏமாற்றிக் கூட்டிப்போனார்கள்” என்று மட்டும் நீங்கள் எழுந்தால் நான் பாதிதான் சொன்னேன் என்று பொருள். ஏமாற்று இருந்தது. ஆனால் போனவர்கள் எல்லாரும் ஏமாளிகள் அல்லர். கங்காணி சொல்வதில் பாதி பொய் என்று முதல் தலைமுறைக்குப் பிறகு சேரிக்குத் தெரியும். தெரிந்துதான் போனார்கள். ஊரில் இருந்ததைவிட அது மேல் என்று கணக்குப் போட்டுப் போனார்கள். தஞ்சை மிராசுதாரர்கள் அரசிடம் திரும்பத் திரும்ப முறையிட்டது என்ன தெரியுமா? ஆட்கள் இலங்கைக்கும் பினாங்குக்கும் போய்விடுகிறார்கள், வயலுக்கு ஆள் இல்லை, போகிறவர்களைத் தடுக்க வேண்டும் என்பதுதான். திரும்பி வந்த ஆள் முன்போலக் குனிவதில்லை என்பதும் அவர்களுக்குப் பெரிய குறை. கையில் நாலு காசு வைத்திருப்பவன் தரிசு நிலத்துக்குத் தர்க்காஸ்து போடத் துணிவான். செங்கல்பட்டில் அப்படி மனு போட்ட பறையர்களை மிராசுதாரர்கள் எப்படியெல்லாம் மறித்தார்கள் என்பதை 1891இல் கலெக்டர் டிரமன்ஹீர் அரசுக்கு எழுதினார். பஞ்சமி நிலத்தின் கதை அங்கிருந்துதான் வருகிறது.

போனவர்கள் வேறொன்றையும் கட்டினார்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய இதழ் சென்னையோடு நிற்கவில்லை. கோலார் தங்கவயலிலும் ரங்கூனிலும் நேட்டாலிலும் ‘தமிழன்’ படிக்கப்பட்டது. இரட்டைமலை சீனிவாசன் பல ஆண்டுகள் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்துவிட்டுத் திரும்பி, நம் அரசியலின் நடுவே வந்து நின்றார். ஊர்க்கட்டுப்பாட்டுக்கு வெளியே சம்பாதித்த காசும் படித்த எழுத்தும் இல்லாமல் நம் முதல் சங்கங்களை நினைத்துப் பார்க்க முடியாது.

ஆகவே “போகாதே” என்று சொல்பவரையும் சந்தேகியுங்கள். பாதுகாப்பு என்ற பெயரில் வாசலை மூடச் சொன்னவர்களில் முதல் வரிசையில் நின்றவர் மிராசுதாரர்.

இலங்கையில் துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மறு ஆண்டு, 1922இல், இந்தியக் குடியேற்றச் சட்டம் வந்தது. ‘திறனற்ற’ தொழிலாளர் அரசு அறிவிக்கும் நாடுகளுக்கு மட்டும், அரசு சொல்லும் நிபந்தனைகளில் மட்டும் போகலாம் என்றது அது. நாற்று நடுவதும் கொழுந்து கிள்ளுவதும் ரப்பர் பால் வெட்டுவதும் திறனற்ற வேலையாம். அதை எழுதிய அதிகாரி யாரையாவது ஒரு நாள் அரை ஏக்கர் நடவு நடவைத்துப் பார்த்திருக்க வேண்டும். எப்படியோ, இந்தியர்களை இரண்டாகப் பிரிக்கும் கோடு அந்தச் சொல்லோடு சட்டத்துக்குள் ஆழமாக இறங்கியது. ஒரு பக்கம் பயணி, மறுபக்கம் கூலி. பயணி போகலாம். கூலிக்கு அனுமதி வேண்டும்.

நல்லதும் நடந்தது, மறைக்க வேண்டாம். இலங்கையிலும் மலாயாவிலும் இந்திய அரசின் ஏஜெண்டுகள் நியமிக்கப்பட்டார்கள், கூலி பற்றிப் பேச்சு நடந்தது, 1927இல் இலங்கையில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. ஆனால் கயிற்றின் நுனி அரசின் கையில். மலாயாத் தோட்ட முதலாளிகள் கூலியைக் குறைக்க நின்றபோது 1938இல் அங்கே ஆள் அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது. 1939இல் இலங்கைக்கும் தடை. கூலிக்குறைப்பை எதிர்க்க அது ஒரு ஆயுதம்தான், ஒப்புக்கொள்கிறேன். கதவைத் திறப்பதும் மூடுவதும் பற்றித் தொழிலாளியிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. சொந்தக்காரர் சாவுக்கு ஊருக்கு வந்தவர், பிள்ளைகள் லயத்தில் இருக்க, திரும்பிப் போக வழி தெரியாமல் நின்றார்.

1948 குடியுரிமைச் சட்டம் மலையகத்தில் சுமார் 7 லட்சம் பேரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்துக்கொண்டார்கள். 1974இல் அந்த மீதியைப் பாதிப்பாதியாகப் பங்கிட்டார்கள். இது தனியாக எழுத வேண்டிய விஷயம். இங்கே ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: அது ஆட்களின் கணக்கு, ஆட்கள் அதில் பேசவில்லை.

நாம் வாழும் காலத்துக்கு வருவோம். 1922 சட்டத்தின் இடத்தில் 1983இல் புதிய குடியேற்றச் சட்டம் வந்தது. வளைகுடாவுக்கு மக்கள் கூட்டம் கூட்டமாகப் போன காலம். சட்டம் ஆள் எடுக்கும் ஏஜெண்டைப் பதிவு செய்யச் சொன்னது. பாஸ்போர்ட்டுகளை இரண்டாகவும் பிரித்தது. பத்தாம் வகுப்பு தேறியவர், வருமான வரி கட்டுபவர் போன்றோர் எங்கும் வேலைக்குப் போகலாம். மற்றவர்கள் சவுதி, குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடியேற்ற அனுமதி பெற வேண்டும். ஆங்கிலத்தில் அதன் சுருக்கம் ஈ.சி.ஆர். சென்னையில் ஈ.சி.ஆர். என்றால் கடற்கரைச் சாலை, பங்களா, ரிசார்ட். எங்கள் தெருவில் ஈ.சி.ஆர். என்றால் பத்தாவது ஃபெயில் என்று அர்த்தம். நம் தெருக்களில் பத்தாவதைத் தாண்டாதவர்கள் யார், ஏன் தாண்டவில்லை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என் பெரியப்பா அந்த முத்திரை குத்திய பாஸ்போர்ட்டில்தான் சவுதிக்குப் போனார். எட்டாவது வரை படித்த கொத்தனார். ஏஜெண்ட் ஒரு பெரிய தொகையை வாங்கிக்கொண்டு ஒரு சின்னத் தொகைக்கு ரசீது கொடுத்தார். அந்தப் பெரிய தொகைக்காகப் பெரியம்மாவின் தோடும் இரண்டு ஆடும் போய், மேலே வட்டிக்கடனும் ஏறியது. அங்கே இறங்கியதும் கஃபீல் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார். கஃபீல் என்றால் விசா கொடுத்த முதலாளி. இகாமா என்ற வசிப்பிட அட்டை அவர் மூலம்தான். வேறு கம்பெனியில் கூடுதல் சம்பளத்துக்குக் கூப்பிட்டார்கள், கஃபீல் தடையில்லாச் சான்று தரவில்லை. “வேலையை விடலாம், ஆனா வேற எடத்துல சேர முடியாதுடா” என்று பெரியப்பா சொன்னபோது எனக்குப் பன்னிரண்டு வயது. துண்டு பற்றிப் படித்தபோது எனக்கு முப்பது தாண்டிவிட்டது. அந்த வரியைப் படித்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவைத்தேன்.

வளைகுடா நாடுகளில் சில இடங்களில் இந்த விதிகள் பிறகு தளர்ந்திருக்கின்றன. கத்தாரில் முதலாளியின் சான்று இல்லாமல் வேலை மாற 2020இல் சட்டம் வழிவிட்டது. அந்த மாற்றம் சும்மா வரவில்லை, உலகக்கோப்பை மைதானங்களைக் கட்டியவர்களின் சாவுகள் உலகச் செய்தியான பிறகு வந்தது.

நம் அரசு என்ன செய்துகொண்டிருந்தது? 2018 ஜனவரியில், ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டுக்கு மட்டும் ஆரஞ்சு நிற அட்டை போடப்போவதாக வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது. விமான நிலைய வரிசையில் பத்தடி தூரத்திலிருந்தே யார் பத்தாவது தேறாதவர் என்று தெரியும்படி. கேரளத்திலிருந்து கடுமையான எதிர்ப்பு எழுந்தது, வழக்கும் போடப்பட்டது. அந்த மாதம் 30ஆம் தேதியே திட்டம் கைவிடப்பட்டது. யாரோ ஒரு அதிகாரி இதை நிர்வாக வசதி என்று நினைத்திருப்பார், கெட்ட எண்ணம் இருந்திருக்காது. தகரத் துண்டைக் கண்டுபிடித்தவரும் நிர்வாக வசதி என்றுதான் நினைத்தார்.

அடுத்து நான் சொல்லப்போவது ஆயுதம் பற்றி. தடம் மாறுகிறேன் என்று நினைக்காதீர்கள். இந்தியாவிலிருந்து வெளியே போக அரசின் அனுமதிச் சீட்டு தேவைப்படும் இன்னொரு பொருள் அது. 1992ஆம் ஆண்டின் வெளிநாட்டு வர்த்தகச் சட்டத்தின்கீழ் ‘ஸ்கோமெட்’ என்றொரு பட்டியல் இருக்கிறது. குண்டு, வெடிமருந்து, ட்ரோன் போன்றவற்றை ஏற்றுமதி செய்ய அதன்படி உரிமம் வாங்க வேண்டும். வாங்குகிறவர் யார், எதற்குப் பயன்படுத்துவார் என்று இறுதிப் பயனாளர் சான்று காட்ட வேண்டும். சில ஆண்டுகளாக இந்த உரிமங்கள் வேகமாக வழங்கப்படுகின்றன. 2023-24இல் 21,083 கோடி ரூபாய்க்கும் 2024-25இல் 23,622 கோடி ரூபாய்க்கும் இந்தியா ஆயுத ஏற்றுமதி செய்தது. அரசு அதைச் சாதனையாகவே அறிவிக்கிறது.

2023 அக்டோபருக்குப் பிறகு காஸாவில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். அந்த மாதங்களில் இரண்டு விதமான அனுமதிகள் இங்கிருந்து ஒரே நாட்டை நோக்கிப் போயின. ஒன்று, இந்திய நிறுவனங்கள் இஸ்ரேலுக்கு ஆயுதமும் உதிரிபாகமும் அனுப்புவதற்கான உரிமங்கள். அவற்றை ரத்து செய்ய வேண்டும், புதிதாக வழங்கக் கூடாது என்று ஓய்வுபெற்ற அதிகாரிகளும் செயற்பாட்டாளர்களும் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2024 செப்டம்பர் 9 அன்று மனு தள்ளுபடியானது. வெளியுறவுக் கொள்கையில் நீதிமன்றம் தலையிட முடியாது என்பது தீர்ப்பின் அடிப்படை.

இன்னொன்று, ஆட்கள். அந்த அக்டோபரில் இஸ்ரேல், கட்டுமான வேலைக்கு வந்துகொண்டிருந்த பல்லாயிரக்கணக்கான பாலஸ்தீனத் தொழிலாளர்களின் அனுமதியை நிறுத்திவைத்தது. அந்த இடத்துக்கு இந்தியாவிலிருந்து ஆள் கேட்டார்கள். 42,000 இந்தியத் தொழிலாளர்களை அனுப்ப 2023 மே மாதமே உடன்பாடு ஆகியிருந்தது. 2024 ஜனவரியில் ரோத்தக்கிலும் லக்னோவிலும் கொத்தனார்களும் கம்பி கட்டுபவர்களும் டைல்ஸ் போடுபவர்களும் குளிரில் வரிசையில் நின்றார்கள். மாதம் ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான சம்பளம். அந்த வரிசையில் நின்றவர்களை நான் ஒரு சொல் குறைசொல்ல மாட்டேன். என் பெரியப்பா உயிரோடு இருந்திருந்தால் அந்தச் சம்பளத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து ரயிலேறியிருப்பார். ஆனால் அந்த வரிசை வரலாற்றில் முன்பே ஒருமுறை நின்றிருக்கிறது. மொரீசியஸில் விடுதலையானவர்களின் இடத்தை நிரப்ப நம்மைக் கூப்பிட்டார்கள். இங்கே, தடுத்து நிறுத்தப்பட்டவர்களின் சாரத்தில் ஏற நம்மைக் கூப்பிட்டார்கள்.

அனுமதிச் சீட்டு விஷயத்துக்கு வாருங்கள். இஸ்ரேல் அந்த 18 நாடுகளின் பட்டியலில் இல்லை. ஆகவே பத்தாவது தேறாத தொழிலாளிக்கும் குடியேற்ற அனுமதி தேவையில்லை, அதோடு வரும் ஒப்பந்தச் சரிபார்ப்பும் இல்லை. போர் நடக்கும் இடத்துக்குப் போகும் வெடிமருந்துக்கு இறுதிப் பயனாளர் சான்று வேண்டும், அதே இடத்துக்குப் போகும் கொத்தனாருக்கு அந்தச் சட்டத்தில் எதுவும் வேண்டாம். இருதரப்பு உடன்பாடு இருக்கிறது, இஸ்ரேலின் தொழிலாளர் சட்டங்கள் உறுதியானவை என்று அரசு சொன்னது. அந்த நாட்டின் உச்ச நீதிமன்றமே 2006இல், வெளிநாட்டுத் தொழிலாளியின் அனுமதியை ஒரே முதலாளியோடு கட்டிப்போடும் முறையை நவீன அடிமைமுறையின் வடிவம் என்று கண்டித்தது. கண்டிக்கும் அளவுக்கு நடந்திருக்கிறது என்பதும் அதே தீர்ப்பிலிருந்து தெரிகிறது. 2024 மார்ச்சில் இஸ்ரேலின் வடக்கு எல்லையில் ஒரு தோட்டத்தில் ஏவுகணை விழுந்து கேரளத்தைச் சேர்ந்த தொழிலாளி ஒருவர் இறந்தார்.

இப்போது அந்த மாணவரின் கேள்விக்கு. 1983 சட்டத்தை மாற்ற 2021இல் ஒரு வரைவு வந்தது. அதில், விதியை மீறும் தொழிலாளிக்கே 50,000 ரூபாய் வரை அபராதம் போடலாம், பாஸ்போர்ட்டை முடக்கலாம் என்று இருந்தது. ஏஜெண்ட் பொய்யான விசாவில் ஏற்றிவிட்டால் விதியை மீறியவர் யார்? 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம் செத்துவிட்டது என்று நினைத்தோம். அந்த வரைவு சட்டமாகவில்லை. 2025 அக்டோபரில் இன்னொரு வரைவு பொதுமக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டது, வெளிநாட்டு நகர்வு (வசதியாக்கல் மற்றும் நலன்) மசோதா என்று. தலைப்பில் வசதி இருக்கிறது, நலன் இருக்கிறது. உரிமை என்ற சொல் தலைப்பில் இடம்பெறவில்லை. கருத்துச் சொல்லச் சில வாரங்களே தந்தார்கள். ரியாத்தில் லேபர் கேம்பில் இருப்பவர் அதற்குள் படித்துக் கருத்து அனுப்ப வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எனக்குச் சிரிப்பாக இருந்தது.

நான் இதை எப்படிப் படிப்பேன் என்றால், ஒவ்வொரு பிரிவிலும் காகிதத்தைத் தேடுவேன். வேலை ஒப்பந்தத்தின் நகல் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் அவர் கைக்கு வருகிறதா? ஏஜெண்ட் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு இப்போது 30,000 ரூபாய் என்று உச்சவரம்பு இருக்கிறது, அதைத் தாண்டி வாங்கினால் கடன்பட்டவர் நேரடியாக வழக்குப் போட முடியுமா, அல்லது அதிகாரி மனது வைக்க வேண்டுமா? வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு முப்பது வயது ஆகியிருக்க வேண்டும் என்று இப்போதுள்ள விதி யாரைக் காப்பாற்றியது, யாரைத் திருட்டு வழியில் தள்ளியது?

இன்னொன்றும் கேட்பேன். நேட்டாலுக்குப் போன கப்பல்களின் பயணிப் பட்டியலில் சாதிக்கு ஒரு பத்தி இருந்தது. அந்தப் பத்தி இருப்பதால்தான் போனவர்களில் நாம் எத்தனை பேர் என்று இன்று ஆய்வாளர்கள் எண்ணுகிறார்கள். இன்றைய அரசு வெளியிடும் குடியேற்ற அனுமதிக் கணக்கில் மாநிலம் இருக்கிறது, நாடு இருக்கிறது, சாதி இல்லை. வெள்ளைக்காரன் நம்மைக் கட்டுப்படுத்த எண்ணினான். நாம் கேட்பது நம் நிலையைக் காட்டும் எண்ணிக்கை. வெளிநாட்டுக் கடனில் மூழ்கியவர்களில், பெட்டியில் திரும்பி வந்தவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்ற கணக்கு இல்லாமல் ‘நலன்’ யாருக்கு என்று எப்படி அளப்பது?

அடுத்த ஞாயிறு வாசிப்பு வட்டத்தில் வரைவைப் பிரிவு பிரிவாகப் படிக்கிறோம். வரும்போது வீட்டில் இருக்கும் பழைய பாஸ்போர்ட், ஏஜெண்ட் கொடுத்த ரசீது, இகாமா அட்டை, விசா காகிதம் எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். மலையகத்திலிருந்து திரும்பிய குடும்பங்களில் தாத்தா பாட்டியின் குடும்ப அட்டை இருந்தால் அதையும். பெரியப்பாவின் பாஸ்போர்ட்டை நான் கொண்டுவருகிறேன். பெரியம்மா அதை இன்னும் ரேஷன் கார்டோடு சேர்த்து மஞ்சள் பையில்தான் வைத்திருக்கிறார்.